கண்ணாடி மட்டும்தான் மாத்தினேன்

தம்பிகளா, போன வருடம் ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இரண்டு பேரும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தீர்கள். என்ன என்று கேட்டேன். "சிலுவயத் தொலச்சவரு பசங்கன்னு சொல்றானுங்கப்பா" என்றான் சின்னவன். நான் பதில் சொல்லாமல் கடைக்குப் போய்விட்டேன். எனக்குப் பேச வராது. பத்தாவது வரைக்கும் படித்தவன், படங்களுக்கு ஃபிரேம் போட்டுப் பிழைக்கிறவன். எழுதினால் கொஞ்சம் கோர்வையாக வரும் என்று தோன்றியது. அதனால் எழுதுகிறேன்.

முதுநகரில் நம் தெரு முனையில் இருக்கிற சின்னக் கோயிலில் திருப்பண்டம் ஒன்று இருந்தது உங்களுக்குத் தெரியும். புனிதர்களுடைய எலும்பு, துணி, ஆண்டவரோடு சம்பந்தப்பட்ட பொருள், இதையெல்லாம் திருப்பண்டம் என்போம். நம்முடையது மரம். இயேசுவை அறைந்த சிலுவையிலிருந்து வந்தது என்று சொல்லப்பட்ட சிலாம்பு, அரைத் தீக்குச்சி நீளம்கூட இருக்காது. கைக்கடிகாரம் அளவுள்ள பித்தளைப் பெட்டியில், பஞ்சுக்கு மேலே, கண்ணாடிக்குக் கீழே இருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்தப் பெட்டியைக் குடத்துத் தண்ணீரில் தொட்டு எடுப்பார்கள். ஜனங்கள் அந்தத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போவார்கள். பரீட்சைக்கு முன்னால் உங்கள் பேனாக்களையும் அந்தப் பெட்டியில் தொட்டு வாங்கி வந்திருக்கிறோம்.

அதே வருடம்தான், தவக்காலத்துக்குக் கொஞ்சம் முன்னால் உங்கள் அம்மா கழுத்தில் கட்டி வந்தது. முதலில் கொட்டைப்பாக்கு அளவு. சிதம்பரத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் ஊசி குத்தி எடுத்துப் பரிசோதித்தார்கள். டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிடவில்லை. அம்மா முகத்தைப் பார்த்தே சொன்னார்: "சந்தேகப்படற மாதிரிதான் இருக்கு. எடுத்துடணும். ஒரு மாசத்துக்கு மேல தள்ளாதீங்க."

அம்மா தலையை ஆட்டினாள். பஸ்ஸில் ஆலப்பாக்கம் தாண்டினோம். பிறகு சொன்னாள், "ஒம்போது வெள்ளிக்கிழம நேந்துக்கறேன். தண்ணி குடிச்சி, கழுத்துல பெட்டி வெச்சி வேண்டிக்கறேன். அப்பவும் கரையலன்னா கத்தி வைக்கட்டும்."

ஒன்பது வெள்ளிக்கிழமை என்றால் இரண்டு மாதத்துக்கு மேல். டாக்டரம்மா சொன்னது ஒரு மாதம். நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

உங்கள் அக்கா அப்போது சிதம்பரத்தில் தாவரவியல் படித்துக்கொண்டிருந்தாள். ஹாஸ்டலிலிருந்து தினமும் போன் போட்டுச் சண்டை பிடித்தாள். மூன்றாவது வெள்ளிக்கிழமை நேராகவே வந்துவிட்டாள். அம்மா கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். கட்டி எலுமிச்சங்காய் ஆகியிருந்தது.

"யம்மா, அது நெசமாவே சிலுவ மரம்னு யாரு பாத்தா? ஐரோப்பாவுல இருக்கற துண்டயெல்லாம் சேத்தா ஒரு கப்பலே கட்டலாம்னு அந்தக் காலத்துலயே கிண்டல் பண்ணியிருக்காங்க."

"கிண்டல் பண்ணவன் கழுத்துல கட்டி வந்திருக்காது" என்றாள் அம்மா.

பேச்சு முற்றிவிட்டது. அக்கா அழுதாள். அம்மா அழவில்லை. சோற்றுப் பானையை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பி நின்று சொன்னாள்: "சரி. நீதான் மரத்தப் பத்திப் படிக்கறியே, பாரு. அது பொய்யின்னு காட்டு, நாளைக்கே ஆபரேஷனுக்கு வந்து படுக்கறேன். பொய்யின்னு காட்ட முடியலன்னா ஒம்போது வெள்ளியும் முடியற வரைக்கும் ஒருத்தரும் வாயத் தொறக்கக் கூடாது."

இந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

அந்தப் பெரிய புயல் அடித்தபோது நீங்கள் பிறக்கவில்லை. உங்கள் அக்கா மூன்றாம் வகுப்பு. கோயில் ஓடு விழுந்து பெட்டியின் கண்ணாடி உடைந்துவிட்டது. கோயில் மணி அடித்து, பீடத்தைப் பார்த்துக்கொள்கிற கோயில்பிள்ளையாக அப்போது இருந்தவர் அதைத் துண்டில் சுற்றிக் கடைக்குக் கொண்டு வந்தார். "சாமியாரு ஊருல இல்ல. ஞாயித்துக்கெழமைக்குள்ள மாத்திக் குடுத்துடுப்பா, யாருக்கும் சொல்லாத" என்றார். பழைய அரக்கு முத்திரை ஏற்கெனவே பொடிந்து போயிருந்தது. அவர் டீ குடிக்கப் போனார்.

புயலுக்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு நாளாகக் கரண்ட் இல்லை. வீட்டிலும் கடையிலும் எந்த சுவிட்ச் போட்டிருக்கிறது, எது நிறுத்தியிருக்கிறது என்ற நினைப்பே ஜனங்களுக்கு இல்லாமல் போயிருந்தது. நான் உடைந்த கண்ணாடியை எடுத்துவிட்டுப் புதுக் கண்ணாடியை வட்டமாக வெட்டிக்கொண்டிருந்தேன். தெருவில் பிள்ளைகள் "கரண்ட் வந்துருச்சி" என்று கத்தினார்கள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அண்ணாந்து பார்ப்பதற்குள் தலைக்கு மேலே ஃபேன் முழு வேகத்தில் சுற்ற ஆரம்பித்துவிட்டது. பஞ்சு பறந்தது. சிலாம்பும் பறந்தது.

ஃபேனை நிறுத்திவிட்டு முழங்காலில் நின்று தேடினேன். ஃபிரேம் கடை மேசை எப்படி இருக்கும் என்று பார்த்திருக்கிறீர்கள். தேக்குச் சட்டத்தின் சீவல், படத்துக்குப் பின்னால் அடிக்கிற பெட்டிப் பலகையின் சிலாம்பு, எல்லாம் கலந்து கிடக்கும். அந்த நீளத்தில் ஏழெட்டுத் துண்டு கிடைத்தது. உள்ளங்கையில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். எது அது என்று தெரியவில்லை. இருப்பதிலேயே கறுப்பாக இருந்த ஒன்றை எடுத்துப் பஞ்சில் வைத்து, கண்ணாடி மூடி, அரக்கு உருக்கிக் கட்டைவிரலால் அழுத்தினேன். கோயில்பிள்ளை வந்து வாங்கிப் பெட்டியில் உதட்டை ஒற்றி முத்தி செய்தார். எனக்கும் முத்தி செய்யக் கொடுத்தார். செய்தேன். அவர் இறந்து பல வருடம் ஆகிறது. விஷயம் என் ஒருவனிடம்தான் இருந்தது.

அதை அம்மாவிடம் சொல்லியிருந்தால் மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போயிருப்போம். ஆனால் அந்தத் தண்ணீரை எத்தனை பேர் எத்தனை வருடமாகக் குடிக்கிறார்கள்! பிரசவத்துக்கு, விஷக்காய்ச்சலுக்கு, கடலுக்குப் போகிற புதுப் படகுக்கு. அத்தனை பேர் முகமும் கண் முன்னால் வந்தது. அதோடு எனக்கு ஒரு குறுக்குப் புத்தியும் வந்தது. அக்கா மைக்ராஸ்கோப்பில் பார்க்கட்டும். தேக்கு என்று தெரிந்துவிடும். நான் சொல்ல வேண்டியதை அந்த மெஷினே சொல்லிவிடும்.

மறுநாள் சனிக்கிழமை பங்குச் சாமியாரிடம் போனோம். நான், அக்கா, உங்கள் மாமா. மாமாதான் கோயில் கமிட்டித் தலைவர் என்பதால் அவர் இல்லாமல் பெட்டி வெளியே வராது. சாமியார் சின்ன வயசுக்காரர், நம் ஊருக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை.

மாமா உட்காரவே இல்லை. "ஃபாதர், எங்க அக்கா உயிரு எனக்கும் முக்கியந்தான். அதுக்குன்னு சாமியக் கொண்டு போயி மைக்ராஸ்கோப்புல வெக்கறதா?"

"சாமிய இல்ல மாமா, மரத்த" என்றாள் அக்கா.

"ஒனக்கு அது மரம். இந்த ஊருக்கு?"

"ஊருக்கும் மரந்தான். ரத்த டெஸ்ட் ரிப்போர்ட்ட நம்பறீங்க, ஸ்கேன நம்பறீங்க, உங்க சுகருக்கு மாத்திர போடறீங்க. அம்மா கழுத்துக்கு மட்டும் தண்ணியா?"

மாமா முகம் சிவந்துவிட்டது. "ஏய், வயசுக்குத் தக்கனப் பேசு. ஜாஸ்தி படிச்சிட்டன்னு நெனப்பா? மாமா, ஒங்க பொண்ணக் கேளுங்க."

கடைசியாகச் சொன்னது என்னை. அக்கா புருஷன் என்பதால் அவருக்கு நான் மாமா.

சாமியார்தான் நிறுத்தினார். "அந்தத் துண்டு உண்மையான சிலுவைதான்னு நம்பச் சொல்லித் திருச்சபை யாரையும் கட்டாயப்படுத்தல. பழைய சான்றுத்தாள் இருந்திருந்தா காட்டியிருப்பேன். அது கரையான் அரிச்சிப் போச்சாம். வெட்டாம, கீறாம பாக்கறதுன்னா எனக்கு ஆட்சேபன இல்ல" என்றார். பிறகு பெட்டியை எடுத்துத் திருப்பிப் பார்த்தவர் அப்படியே நின்றார். "இது பிஷப்போட முத்திரை இல்லியே. யாரோ வெரலால அழுத்தியிருக்காங்க."

"புயல்ல கண்ணாடி ஒடஞ்சிருக்கு ஃபாதர். பழைய கோயில்பிள்ள அப்ப தலைவரா இருந்த எங்க அப்பாவுக்குச் சொல்லியிருக்காரு. மாமாதான் மாத்திக் குடுத்தாரு" என்றார் உங்கள் மாமா.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். அரக்கில் பதிந்திருந்தது என் ரேகை. கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டேன்.

"நீங்க தொறந்தப்ப உள்ள எல்லாம் சரியா இருந்துச்சா?" என்று கேட்டார் சாமியார்.

"கண்ணாடி மட்டும்தான் மாத்தினேன் ஃபாதர்."

சாமியார் என்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பெட்டியை வெள்ளைத் துணியில் சுற்றி மாமா கையில் கொடுத்தார்.

திங்கட்கிழமை சிதம்பரம் போனோம். பஸ்ஸில் மாமா பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் மூடியிருந்தார். செருப்பைக் கழற்றி வைத்திருந்தார். புதுச்சத்திரத்தில் ஏறிய ஒரு அம்மா என்ன என்று விசாரித்து, கேட்டதும் எழுந்து நின்று தொட்டுக் கும்பிட்டாள். நெற்றியில் திருநீறு பூசியிருந்த அம்மா. அக்கா அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்கும் கஷ்டமாகத்தான் இருந்திருக்கும்.

அக்காவுடைய சார் மரங்களின் உள்ளமைப்பைப் படிப்பவர். எங்களிடம் மரியாதையாகப் பேசினார். பெட்டியைத் திறக்க வேண்டியவன் நான். பொறி தட்டினாற்போலக் கேட்டேன், "சார், ஃபேன நிறுத்திடலாமா?"

"எதுக்கு மாமா, வேத்து ஊத்துது" என்றார் உங்கள் மாமா.

"நிறுத்துங்க சார்."

என் விரல் அடையாளத்தை நானே உடைத்தேன். சார் சிலாம்பை இடுக்கியால் எடுத்து, அதன் உடைந்த முனை மேலே தெரியும்படி வைத்து வெளிச்சம் போட்டார். கம்ப்யூட்டர் திரையில் பெரிதாகத் தெரிந்தது. தேன்கூடு மாதிரி வரிசை வரிசையாகச் சின்னக் கட்டங்கள். மாமா உதடு அசைய ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் 'தேக்கு, தேக்கு' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். அதுவும் ஒரு ஜெபம்தான்.

சார் நிதானமாகச் சொன்னார். "தேக்கு, வேம்பு, பலா, முந்திரி, நம்ம பக்கத்து மரம் எல்லாத்துலயும் தண்ணி போற குழாய் இருக்கும். குறுக்கால பாத்தா ஓட்ட ஓட்டயாத் தெரியும். இதுல ஓட்டயே இல்ல. இது ஊசியில மரம். பைன், தேவதாரு அந்த ஜாதி."

"அப்படின்னா இந்த ஊரு மரம் இல்ல?" மாமா திரைக்குப் பக்கத்தில் வந்துவிட்டார்.

"இந்தக் கடலோரத்துல வளர்ற மரம் இல்ல."

"எருசலேம் பக்கம் வளருமா?"

"அந்தப் பக்கமும் பைன் உண்டு. ஆனா எந்த ஊரு, எத்தன வருஷம்னு இத வெச்சிச் சொல்ல முடியாது. வயசு பாக்கணும்னா வேற லேபுக்கு அனுப்பணும். கொஞ்சம் எரிச்சிப் பாக்கணும். முழுசும் போயிடலாம்."

மாமா அதற்குமேல் கேட்கவில்லை. வெளியே ஓடிப்போய் அம்மாவுக்குப் போன் போட்டார். "யக்கா! நம்ம ஊரு மரமே இல்லியாம்! சயின்ஸே சொல்லிடுச்சி!" என்று அவர் அழுவது உள்ளே கேட்டது.

படத்துக்குப் பின்னால் அடிக்கிற பெட்டிப் பலகையும் பைன்தான். வெளிநாட்டிலிருந்து மெஷின் வருகிற மரப்பெட்டியை உடைத்து விற்பார்கள். அதைத்தான் வருடக்கணக்காக வாங்குகிறேன். என் மேசையில் தேக்கு மட்டும் கிடந்ததாக நானே எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அது ஆண்டவருடைய சிலுவையாகவும் இருக்கலாம், மெஷின் வந்த பெட்டியாகவும் இருக்கலாம். சார் பார்த்தது சரி. மெஷினும் சரியாகத்தான் சொன்னது. என் குறுக்குப் புத்திக்குத்தான் வேலை நடக்கவில்லை.

வராந்தாவில் அக்கா என் கையைப் பிடித்தாள்.

"யப்பா, சார் அவசரத்துல சொல்லிட்டாரு, மறுபடி பாத்தா வேப்ப மரம்னு சொல்லிடட்டுமா? ஒரே ஒரு பொய். அம்மா வந்துடுவாங்க. இன்னும் ஆறு வெள்ளி இருக்குப்பா. எலுமிச்சங்காய் அளவு ஆயிடுச்சி." உடனே அவளே சொன்னாள்: "ஆனா ஸ்கிரீன்ல பாத்தத மாத்திச் சொன்னா நான் எதுக்கு இதப் படிக்கணும்?"

படித்த பிள்ளை ஒரு பொய் சொல்ல இப்படித் துடிக்கிறாள். அவள் பொய்யால் வாங்க நினைத்ததை வாங்குவதற்கு என்னிடம் உண்மையே இருந்தது. அப்போதுகூட நான் அவளிடம் சொல்லவில்லை. "வீட்டுக்குப் போயி பேசிக்கலாம்" என்றுதான் சொன்னேன். ஒன்றரை மணி நேரப் பயணத்தில் எத்தனையோ தடவை வாயைத் திறந்து மூடினேன்.

வீட்டில் அம்மா மெழுகுவத்தி ஏற்றி வைத்திருந்தாள். முகத்தில் அப்படி ஒரு தெளிவு. பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் அதற்குள் வந்துவிட்டார்கள். மாமா பெட்டியை அவள் கையில் கொடுத்தார். அவள் அதைக் கழுத்துக்குக் கொண்டு போனாள்.

"வெக்காத" என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள். நான் சொன்னேன். கரண்ட் வந்தது, ஃபேன் சுற்றியது, ஏழெட்டுத் துண்டு, கறுப்பாக இருந்தது, பெட்டிப் பலகை, கட்டைவிரல். நின்ற இடத்திலேயே சொல்லி முடித்தேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் மெதுவாக வெளியே போனார்கள். மாமா சுவரில் சாய்ந்து, "மாமா, நெசமாவா? எங்க அக்கா ஆபரேஷனுக்கு வரணும்னுதான சொல்றீங்க? அப்படின்னா சொல்லுங்க, நான் கோவப்பட மாட்டேன்" என்று கெஞ்சினார்.

"நெசந்தான் மச்சான்."

அம்மா பெட்டியைக் கீழே வைக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள். "மீதித் துண்டயெல்லாம் என்னா பண்ணீங்க?"

அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. "பெருக்கித் தள்ளிட்டேன்."

"அதுல ஒண்ணு அதுவா இருந்திருக்கும்."

"இருந்திருக்கலாம்."

"நான் மூணு வெள்ளிக்கிழமயா குடிச்சேன். பக்கத்துலதான நின்னீங்க? டம்ளர நீங்கதான எடுத்துக் குடுத்தீங்க?"

ஆமாம், நான்தான் எடுத்துக் கொடுத்தேன், தம்பிகளா. அவளுக்கு மரம் போனது பெரிதாக இல்லை. டம்ளரை எடுத்துக் கொடுத்ததுதான் பெரிது. அக்கா அவள் தோளைத் தொட்டாள். அம்மா தட்டிவிட்டாள். பிறகு சொன்னாள், "நான் சொன்ன சொல்லு மாற மாட்டேன். வந்து படுக்கறேன். ஆனா மொதல்ல இவரு ஜனங்ககிட்ட சொல்லணும். பாவசங்கீர்த்தனக் கூண்டுல சாமியாரு காதுல குசுகுசுன்னு இல்ல. பூசையில, எல்லாரு முன்னாடியும். எனக்குக் கட்டி எடுத்துட்டு, மத்தவங்க அதே தண்ணியக் குடிச்சிக்கிட்டு இருந்தா, அது எந்த ஊரு நியாயம்?"

சாமியாரிடம் போனேன். அவருக்கு ஆச்சரியமே இல்லை. "அன்னைக்கே சொல்வீங்கன்னு பாத்தேன்" என்றார். "நானே பெட்டிய எடுத்து உள்ள வெச்சிட்டு, பழுதுன்னு சொல்லிடவா?" என்றும் கேட்டார். அந்தக் கதவு எனக்குத் திறந்தே இருந்தது. வேண்டாம் என்றேன். தைரியத்தால் இல்லை. அம்மா ஆஸ்பத்திரிக்குத் துணிப்பையைக் கட்டாமல் உட்கார்ந்திருந்தாள், அதனால்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நீங்களே பார்த்தீர்கள். பூசையில் நற்கருணை கொடுத்து முடிந்த பிறகு எழுந்தேன். நான் என்ன பேசினேன் என்று எனக்கே நினைவில்லை. ஒரு மீன்காரம்மா எழுந்து, "எம் புள்ள காலு இந்தத் தண்ணியாலதான் நேராச்சி. இல்லன்னு சொல்ல நீ யாருய்யா?" என்று கத்தியது நினைவிருக்கிறது. இல்லை என்று நான் சொல்லவில்லை. அவள் பிள்ளை கால் எப்படி நேரானது என்று எனக்குத் தெரியாது, அக்காவுக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்தது அந்தத் துண்டு பஞ்சுக்கு எப்படிப் போனது என்பது மட்டும்தான். உங்கள் மாமா கமிட்டிச் சாவியைப் பீடத்தில் வைத்துவிட்டு வெளியே போனார். இன்னும் என்னோடு பேசவில்லை. என் கடையில் திருப்படங்கள் ஃபிரேம் போட நம் ஜனங்கள் வருவதும் நின்றுவிட்டது.

வீட்டுக்கு வந்தபோது அம்மா பையைக் கட்டி வாசலில் வைத்திருந்தாள்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாள் காலை, ஆபரேஷனுக்கு முன்னால் நர்ஸ் ஒரு ஃபாரத்தை என்னிடம் நீட்டினாள். "சம்மதம்னு கையெழுத்துப் போடுங்க சார்."

பேனாவை வாங்கினேன். பச்சை கவுன் போட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்த அம்மா கையை நீட்டினாள்.

"அவருகிட்ட ஏம்மா குடுக்கற? கழுத்து என்னுது. குடு இப்படி."

ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். புரியாத இடத்தை நர்ஸிடம் கேட்டாள். குரல் மாறிப்போக வாய்ப்பு இருக்கிறது என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியை மறுபடி படித்தாள். பிறகு அழுத்தமாகத் தன் பெயரை எழுதினாள். கீழே இன்னொரு கோடு காலியாக இருந்தது.

"இது சாட்சிக்கும்மா. கூட வந்தவங்க போடணும்."

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்த ஒரு வாரத்தில் அவள் என் முகத்தை நேராகப் பார்த்தது அப்போதுதான்.

"அங்க வேணா அவரு போடட்டும்" என்றாள். "சாட்சி சொல்ல இப்பத்தான பழகிட்டு வர்றாரு."

நர்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை. நான் கையெழுத்துப் போட்டேன். வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அக்காவும் நானும் கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம்.